ஆக்டன் கடைக்கு ஒரு வரிசை

மே மாதம் ஒன்பதாம் தேதி நடந்த ஹேதர்ஷா கடைவீதிப் புத்துயிர் வாரியக் கூட்டத்தில் இருந்தவர்கள்:

கவுன்சிலர் ஜெரால்ட் திஸ்ல்வுட், தலைவர்.
உறுப்பினர்கள் இருவர். ஒருவர் தூங்கினார். அவர் குறட்டை விடாமல் மற்றவர் பார்த்துக்கொண்டார்.
செல்வி இமோஜன் ஃபாக்ஸ், வீதி உற்சாக அலுவலர்.
மிஸ் வினிஃப்ரெட் பில்லிங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பொதுமக்களின் பிரதிநிதி. பொதுமக்கள் யாரும் அவரை அனுப்பவில்லை.
மோரீன் ஆக்டன், மில் தெரு ரொட்டிக்கடைக்காரரின் மனைவி.
எழுத்தர் ஒருவர்.
வர இயலாததற்கு மன்னிப்புக் கேட்டவர்: வில்ஃப் ஆக்டன், ரொட்டிக்கடைக்காரர்.

வில்ஃப் ஆக்டன் கூட்டத்தில்தான் இருந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி. உள்ளே நுழையும்போது எழுத்தரின் மேசையில் இடித்துக்கொண்டு, மேசையிடம் "மன்னிக்கணும்" என்றார். எழுத்தர் தலை நிமிராமல் அவர் பெயரை மன்னிப்புக் கேட்டவர்கள் பட்டியலில் எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியல் வராதவர்களுக்கானது. எழுதியதைத் திருத்த அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். எனவே அன்று முழுவதும் வில்ஃப் வராதவராகவே உட்கார்ந்திருந்தார்.

விஷயம் சின்னது. மில் தெருவில் ஆக்டன் குடும்பம் மூன்று தலைமுறையாக ரொட்டிக்கடை வைத்திருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடிச் சுட்ட பேஸ்ட்டி சூடாக வெளியே வரும். கடை வாசலில் பஸ் நிற்கும். பஸ்ஸை விட்டு இறங்கியவன் மூக்கு அவனை நேராகக் கடைக்குள் இழுத்துப்போகும். போன வருடம் நகராட்சி, தெருவை அழகுபடுத்துகிறேன் என்று பஸ் நிறுத்தத்தைப் பத்து நிமிட நடைதூரத்துக்குத் தள்ளி வைத்தது. நிறுத்தம் இருந்த இடத்தில் பூத்தொட்டி வைத்தார்கள். பூத்தொட்டி பேஸ்ட்டி வாங்கவில்லை.

கட்டடம் நகராட்சியுடையது. குத்தகை செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. கடைக்கு உயிர் இருக்கிறது என்று வாரியம் சான்றிதழ் கொடுத்தால் இன்னும் இருபது வருடம். கொடுக்காவிட்டால் அன்றே காலி செய்ய வேண்டும்.

வில்ஃப் கையைத் தூக்கினார். "கவுன்சிலர், பஸ் ஸ்டாப்பைப் பழைய இடத்துக்கே கொண்டாந்துட்டீங்கன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

தலைவர் திஸ்ல்வுட் மோரீனைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரரும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"இதோ உக்காந்திருக்காரே! கண்ணு தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியறார்மா. பதிவுல தெரியலையே."

மோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு வில்ஃப் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

"பஸ் நிறுத்தம் போக்குவரத்துக் குழுவோட வேலை. நாங்க புத்துயிர் வாரியம். நாங்க உயிர் குடுக்கறவங்க. ஆளை ஏத்தி இறக்கறவங்க இல்ல" என்றார் தலைவர். பிறகு எழுந்து நின்றார். எழுந்து நின்றால் பேசப் போகிறார் என்று அர்த்தம். தூங்கிய உறுப்பினர் கைதட்டிவிட்டு மறுபடி தூங்கினார்.

"இந்த நாட்டுல ஒருத்தன் எதுக்குக் கடைக்குப் போறான்? பசிச்சா? கிடையாது. வெளியில பத்துப் பேரு வரிசையா நிக்கிறதைப் பார்த்துட்டுப் போறான். எதுக்கு நிக்கிறாங்கன்னு அவனுக்குத் தெரியவேண்டியதில்ல. எங்கப்பா ஒரு தடவை ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னார். உள்ள போனப்புறம்தான் அது யாரோ முன்ன பின்ன தெரியாத ஆளோட சாவு வீடுன்னு தெரிஞ்சது. திரும்பி வந்தாரா? இல்ல. விதவையம்மாவுக்குக் கை குடுத்துட்டு, ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தார். அதுதான் நம்ம பண்பாடு. ஆக்டன் கடைக்கு என்ன குறைன்னு எங்க வாரியம் நாலு மாசம் ஆராய்ச்சி பண்ணுச்சு. கண்டுபிடிச்சிட்டோம். அந்தக் கடைக்கு வரிசை இல்ல."

"சாப்பிட ஆளு இல்லைங்க" என்றார் வில்ஃப்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர்தான் வரவில்லையே.

வாரியம் ஆக்டன் கடைக்கு ஒரு வரிசையை வழங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

*

இமோஜன் ஃபாக்ஸுக்கு வயது இருபத்தாறு. பொது இடங்களில் காத்திருப்பது பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். நல்ல பெண். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் குறித்துக்கொள்வாள். பதினைந்து தொண்டர்களைத் திரட்டி, தேவாலயக் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். எவ்வளவு இடைவெளி விட்டு நிற்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் பார்ப்பது, பெருமூச்சு எந்த அளவில் இருந்தால் குறை சொல்வதுபோல் இல்லாமல் இருக்கும், தூறல் விழுந்தால் பக்கத்து ஆளிடம் என்ன சொல்வது. கடைசிக் கேள்விக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

முதல் நாள் காலை கடைக்கு வந்து வில்ஃபிடம் விதிகளைப் படித்துக் காட்டினாள்.

"தொண்டர்கள் உங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாது மிஸ்டர் ஆக்டன். வாங்கினா பாரபட்சம் ஆயிடும்."

"சரிம்மா."

"வரிசை குறையக் கூடாது."

"சரி."

"அதனால வரிசை நகரக் கூடாது."

வில்ஃப் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு யோசித்தார். "நகராம எப்படிம்மா அது வரிசை ஆகும்?"

"நகர்ந்தா தீர்ந்துபோயிடுமே. தீர்ந்துபோறதை வளர்ச்சின்னு அறிக்கையில எப்படி எழுதறது?"

வரிசையின் தலையில் மிஸ் பில்லிங்கை நிறுத்தினார்கள். வயது எழுபத்தாறு. முதுகு அளவுகோல் மாதிரி. முப்பத்தொரு வருடம் மில் தெருப் பள்ளியை நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவர் எதிரில் மூலையில் நின்றவர்கள். அவர் கடை வாசற்படியில் நின்றார். வலது கால் படியின் மேல், இடது கால் நடைபாதையில். உள்ளே போகவும் இல்லை, வெளியே நிற்கவும் இல்லை. அடுப்பிலிருந்து வரும் வாசனை முழுக்க அவர் முகத்தில் அடித்தது. அவர் முகம் மாறவில்லை.

திட்டம் பலித்தது. அதைச் சொல்லியாக வேண்டும். பதினொன்றரைக்குள் தபால்காரர் வந்து பின்னால் நின்றார். அப்புறம் இரண்டு நர்சுகள். அப்புறம் பல் டாக்டரிடம் போக வேண்டியவர் ஒருவர், போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று. பன்னிரண்டு மணிக்கு வரிசை நூலகம்வரை போயிற்று. வில்ஃப் இரண்டு தட்டு பேஸ்ட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் நின்றார். யாரும் உள்ளே வரவில்லை. மிஸ் பில்லிங் நகரவில்லை. மிஸ் பில்லிங்கிடம் "ஏன் நகரவில்லை?" என்று கேட்கும் தைரியம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

பஸ் டிரைவர் ஸ்டான் ராத்வெல் இருபது வருடமாக மதியம் ஆக்டன் பேஸ்ட்டி தின்பவர். இடைவேளை முப்பத்தைந்து நிமிடம். புது நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து வரிசையில் நின்றார். நேரம் ஆனதும் வெறும் வயிற்றோடு திரும்பி நடந்தார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வில்ஃபால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பேஸ்ட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாகச் சுற்றி வந்து ஸ்டானிடம் நீட்டினார்.

"இந்தா, பிடி. சூடு ஆறிடும்."

ஸ்டான் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "என்னப்பா பண்றே? எனக்கு முன்னால முப்பத்தொம்பது பேரு நிக்கிறாங்க."

"முன்னால நிக்கிற பதினஞ்சு பேரும் வாங்க வந்தவங்க இல்லப்பா. நகராட்சி நிறுத்தி வச்ச ஆளுங்க."

"நிக்கிறாங்கல்ல? நின்னா வரிசைதான்."

"பசிக்கலையா உனக்கு?"

"பசி உயிர் போகுது" என்றார் ஸ்டான். "ஆனா நாளைக்கு இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து பஸ் ஓட்டணுமா வேணாமா?"

முன்னால் நின்ற நர்ஸ் இருமினாள். அவளுக்கு முன்னால் நின்றவர், "சில பேருக்கு எல்லாம் கைக்கே வந்துடணும்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். ஸ்டானின் காது சிவந்தது. வில்ஃப் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நர்ஸிடம் கேட்டார். வானத்தைப் பார்த்தவரிடமும் கேட்டார். பேஸ்ட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் மோரீனிடம் கொடுத்தார்.

"பசியில சாகறான், வாங்க மாட்டேங்கறான்."

"நீ மட்டும் என்ன ஒழுங்கு?" என்றாள் மோரீன். "நம்ம கடைக்கு நீயே கொல்லைப் பக்கமா சுத்தித்தானே போயிட்டு வர்றே."

*

ஜூலையில் வட்டாரப் பத்திரிகை வரிசையைப் படம் பிடித்துப் போட்டது. "உயிர்த்தெழுந்தது மில் தெரு." படத்தில் கடை இல்லை. வரிசையின் வால் அழகாக வளைவதால் நூலகத்துப் பக்கமிருந்து எடுத்திருந்தார்கள்.

ஆகஸ்டில் வடமேற்கு வட்டாரத்தின் மிகச் சிறந்த வரிசைக்கான கேடயம் வந்தது. வேறு நகராட்சிகளிலிருந்து அதிகாரிகள் பஸ் வைத்துப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வரிசையைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை தேவைப்பட்டது. அதற்கு ஆறு தொண்டர்கள். மழை நாளுக்குத் தனியாக நகராட்சிக் குடை. தொண்டர்களுக்கு மதிய உணவாக ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சாண்ட்விச் வரவழைத்தார்கள். அதை அவர்கள் ஆக்டன் கடை வாசலில் நின்று தின்றார்கள்.

கடைக்குள் வில்ஃப் தினமும் அடுப்பு மூட்டினார். தினமும் பேஸ்ட்டி வெந்தது. தினமும் மோரீனின் அக்கா வண்டி கொண்டுவந்து, தன் பண்ணைக் கோழிகளுக்கு எடுத்துப் போனாள். கோழிகள் கொழுத்தன.

வரிசையை ஒரே ஒரு நாள் எடுத்துவிடக் கேட்டு வில்ஃப் தலைவரைப் பார்க்கப் போனார். திஸ்ல்வுட் அவரை அன்பாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பிஸ்கட்டும் கொடுத்தார்.

"மிஸ்டர் ஆக்டன், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க அப்பா காலத்துல இத்தனை பேரு வாசல்ல நின்னாங்களா?"

"நிக்கலைங்க. வாங்கிட்டுப் போயிட்டே இருந்தாங்க."

"பாத்தீங்களா! அவரால நிறுத்தி வைக்க முடியல."

"ஐயா, மே மாசத்துலேருந்து ஒரு பேஸ்ட்டிகூட விக்கல."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு கடை நல்லா ஓடுனா எங்களுக்கு அங்க என்ன வேலை? கடை செத்தாலும் எங்களுக்குக் கெட்ட பேரு. காப்பாத்தப்பட்டுக்கிட்டே இருக்கணும். அந்த நிலைமையில ஒரு கடையை வச்சிருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. எங்க ஆளுங்க ராப்பகலா உழைக்கிறாங்க. இதுல பேஸ்ட்டியை எல்லாம் கொண்டு வராதீங்க."

"நீங்க ஒரு தடவையாவது எங்க பேஸ்ட்டி சாப்பிட்டிருக்கீங்களா?"

"எப்படிச் சாப்பிடறது?" என்றார் திஸ்ல்வுட், உண்மையான ஆச்சரியத்தோடு. "வாசல்ல அவ்வளவு கூட்டம்."

வீட்டுக்கு வந்து வில்ஃப் ஒரு யோசனை சொன்னார். கடை மூடியிருக்கிறது என்று பலகை மாட்டினால் போய்விடுவார்கள். மறுநாள் மாட்டினார். வரிசை இன்னும் நீண்டது. மூடியிருக்கிறது என்றால் திறக்கப் போகிறது என்று அர்த்தமாம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தது.

"ஏதாவது தொலைக்காட்சிப் பெட்டி மலிவா விக்கிறாங்களா?" என்று அந்தக் குடும்பத்துத் தகப்பன் முன்னால் இருப்பவரைக் கேட்டான்.

"தெரியலப்பா. ஆனா வெயிட் பண்ணினா வீண் போகாது."

*

செப்டம்பர் முப்பது. சான்றிதழ் கொடுக்கும் விழா மதியம் இரண்டு மணிக்கு. மேயரம்மா கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வருகிறார். வாரியத்தார் எல்லோரும் நகர மண்டபத்தில் அவரோடு விருந்து சாப்பிடப் போய்விட்டார்கள். இமோஜன் சிவப்பு ரிப்பன் வாங்கப் போயிருந்தாள்.

வில்ஃப் விடியற்காலையிலேயே வந்து, வைத்திருந்த மாவு முழுவதையும் பிசைந்துவிட்டார். விருந்தாளிகள் ஒரு வாய் தின்று பார்த்தால் போதும் என்று அவருக்கு நினைப்பு. பன்னிரண்டு மணிக்குக் கடை முழுக்க, அலமாரி, மேசை, ஜன்னல் விளிம்பு எல்லா இடத்திலும் பேஸ்ட்டி.

மோரீன் வாசலுக்குப் போய் மிஸ் பில்லிங்கின் எதிரில் நின்றாள். அவரிடம் படித்தவள்தான்.

"மிஸ்."

"என்ன மோரீன்?"

"நாலு மாசத்துக்கு மேல இந்தப் படியில நிக்கறீங்க. ஒரு நாளாவது பசிச்சிருக்கா?"

மிஸ் பில்லிங் நேராகப் பார்த்தபடியே இருந்தார். "தினமும்" என்றார்.

"அப்ப கேக்க வேண்டியதுதானே?"

"விதி இருக்கு."

"ஏதாவது வேணும்னா கையைத் தூக்கணும்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அடம் பிடிச்சு நிக்கச் சொல்லிக் குடுக்கல."

வில்ஃப் உள்ளேயிருந்து, "மோரீன், சும்மா இரு, ரெண்டு மணிக்கு அவங்க வர்றாங்க" என்றார்.

"வரட்டும். வந்து சான்றிதழைக் குடுக்கட்டும். இன்னும் இருபது வருஷம் கோழிக்குச் சமைச்சுப் போடு."

மிஸ் பில்லிங் கைப்பையை இடது கைக்கு மாற்றினார். வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

"சொல்லுங்க மிஸ்."

"ஒரு பேஸ்ட்டி" என்றார். "சூடா."

இடது காலைப் படிமேல் வைத்தார். உள்ளே வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற தொண்டருக்கு முன்னால் திடீரென்று காலி இடம். முன்னால் இடம் இருந்தால் ஒரு அடி வைக்க வேண்டும். அதற்கு எந்த வாரியமும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை, அது பிறவியிலேயே வருவது. அவர் ஒரு அடி வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் வைத்தார். நூலகம்வரை எல்லோரும் ஒரு அடி வைத்தார்கள். வாலில் இருந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே "ஆங்" என்றார்கள்.

உள்ளே வந்த தொண்டர் கவுன்டர் முன்னால் நின்றார். சும்மா வந்தேன் என்று சொல்வது மரியாதை இல்லை. "ரெண்டு குடுங்க" என்றார்.

அதற்கப்புறம் வில்ஃபுக்கும் மோரீனுக்கும் தலை நிமிர நேரமில்லை. நர்சுகள் ஆளுக்கு மூன்று வாங்கினார்கள். மடக்கு நாற்காலிக் குடும்பம் தொலைக்காட்சி இல்லையென்று தெரிந்தும் ஒரு டஜன் வாங்கியது. ஸ்டான் ராத்வெல் உள்ளே வந்து, கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார் வில்ஃப்.

"மோசமில்ல" என்றார் ஸ்டான். அவர் அதற்கு மேல் யாரையும் எதையும் பாராட்டியதில்லை. அவர் கல்யாணத்தன்றும் இதையேதான் சொன்னார்.

ஒன்றே முக்காலுக்குக் கடைசிப் பேஸ்ட்டி போயிற்று. தின்றவர்கள் வேலைக்குப் போனார்கள், வீட்டுக்குப் போனார்கள். தொண்டர்களும் போய்விட்டார்கள். வயிறு நிறைந்தபின் எதற்கு நிற்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. வில்ஃப் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் மாவு. மே மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

இரண்டு மணிக்கு மேயரம்மாவின் கார் வந்தது; பின்னாலேயே வாரியத்தாரும் எழுத்தரும். தலைவர் இறங்கினார். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். பூத்தொட்டி. ஒரு புறா. நடைபாதையில் பேஸ்ட்டித் துணுக்குகள்.

"எங்கே?" என்றார்.

"எல்லாம் வித்துப்போச்சு கவுன்சிலர்!" வில்ஃப் வாசலுக்கு ஓடிவந்தார். "ஒண்ணு மிச்சமில்ல. ஊரே வாங்கிட்டுப் போயிருக்கு."

"ஊர் எங்கேன்னு கேக்கறேன்."

"அதான் வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரையும் காணோம்." திஸ்ல்வுட் மேயரம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தழுதழுத்தது, நடிப்பில்லாமல். "அம்மா, நாலு மாசமா ஒரு குழந்தையை வளர்க்கற மாதிரி வளர்த்தோம். கேடயம் வாங்கின வரிசை. பக்கத்து நாட்டுலேருந்தெல்லாம் வந்து பார்க்கறதா கடிதம் வந்திருக்கு. இந்த ஆளு ஒன்றரை மணி நேரத்துல ஒருத்தர் விடாம வித்துத் தீர்த்துட்டார்."

"பேஸ்ட்டியைத்தான் வித்தேன்" என்றார் வில்ஃப்.

"சுயநலம்" என்றார் தலைவர். "இப்படி ஒவ்வொரு கடைக்காரனும் வர்றவங்களுக்கெல்லாம் கேட்டதைக் குடுத்து அனுப்பிட்டா தெருவுல யாரு மிஞ்சுவா?"

மேயரம்மா காற்றை மோந்து பார்த்து, நல்ல வாசனையாக இருக்கிறதே, ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் எழுத்தர் குறித்துக்கொண்டார்: வாடிக்கையாளர் கேட்டும் சரக்கு இல்லை.

வாரியம் நடைபாதையிலேயே கூடியது. தெருவில் ஆள் இல்லை, கடையில் பொருள் இல்லை. ஆக்டன் கடைக்கு உயிர் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. கட்டடம் வாரியத்துக்கே அலுவலகமாகும். பழைய அலுவலகம் கேடயங்களுக்குப் போதவில்லை. காலி செய்ய நான்கு மணிவரை நேரம் கொடுத்தார்கள். இரக்கத்தோடு அது நாலேகால் ஆக்கப்பட்டது.

எடுத்துப் போக அதிகம் இல்லை. மோரீன் கத்திகளையும் உருட்டுக்கட்டையையும் துணியில் சுற்றிக்கொண்டு, அக்காவின் வண்டியில் போய் உட்கார்ந்தாள். வண்டிக் கதவை அவள் சாத்திய சத்தத்தில் புறா பறந்தது. வில்ஃப் அடுப்பை அணைத்தார். மேசையைத் துடைத்தார். தரையைக் கூட்டினார். அலுவலகம் வரப்போகிற இடம், மாவு கிடந்தால் நன்றாக இருக்காது.

நாலேகாலுக்கு இமோஜன் வந்தாள். அழுதிருந்தாள். கையில் ரிப்பன் அப்படியே இருந்தது.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மிஸ்டர் ஆக்டன்."

"பரவாயில்ல கண்ணு. நீ என்ன பண்ணுவே?"

சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவள் பின்னாலேயே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி முயன்றாள். அழுகை வந்துவிடும்போல் இருந்தது அவளுக்கு.

"கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்மா" என்றார் வில்ஃப், திரும்பிப் பார்க்காமல். "கைப்பிடியை மேல தூக்கு. இன்னும் கொஞ்சம். தோளைக் குடு. ஆங், இப்பத் திருப்பு."

அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது.